பதினோராவது ரீலின் மழை

ஜோதிவிலாஸ் டாக்கீஸுக்குள் முதல்முறையாக மழை பெய்த அன்று, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பதினொரு பேரில் ஏழு பேர் தொப்பலாக நனைந்தார்கள். மீதி நாலு பேர் வெயிலுக்காகக் கொண்டுவந்திருந்த குடையை விரித்துக்கொண்டு, மறைக்கிறது மறைக்கிறது என்று பின்னாலிருந்தவர்கள் போட்ட சத்தத்துக்காகக் குடையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, கடைசிவரை படம் பார்த்தார்கள்.

வெள்ளரிக்கோட்டையில் அப்போது மழை பெய்து மூன்று வருஷமும் நாலு மாசமும் ஆகியிருந்தது. கண்மாய் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. கிணறுகளில் ஊறியது உப்பு, குழாயில் வந்ததும் உப்பு, அந்த உப்பில் வெந்த சோறு மஞ்சளாக இருந்தது. லாரித் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருதரம் வந்தது, சில வாரம் அதுவும் இல்லை. ஆகவே டாக்கீஸுக்குள் மழை பெய்ததை யாரும் அதிசயமாகப் பேசவில்லை. இவ்வளவு நாள் எங்கே போயிருந்ததாம் என்றுதான் கேட்டார்கள்.

டாக்கீஸை மறுபடி திறந்து அன்றைக்கு ஒன்பதாவது நாள். அதற்கு முன்னால் இருபத்தாறு வருஷம் அது மிளகாய்க் குடோனாக இருந்தது. தில்லைநாயகியின் மாமனார் காலத்தில் படம் ஓடியது, புருஷன் காலத்தில் மூட்டை அடுக்கினார்கள், புருஷனும் போய்ச் சேர்ந்த பிறகு சாவி அவள் கைக்கு வந்தது. ஐம்பத்தாறு வயதில் அவள் செய்த முதல் காரியம் மூட்டைகளை வெளியேற்றியதுதான். கல்யாண மண்டபம் கட்டப்போகிறாள் என்று ஊர் நினைத்தது. அவளோ கொத்தனாரையும் தச்சரையும் வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் சுவரைச் சுரண்டினாள். மூன்று அடுக்குச் சுண்ணாம்புக்கு அடியிலிருந்து கிளிப்பச்சை வந்தது. திரைக்கு மேலே தோகையில்லாமல் நின்ற சுதை மயிலுக்குத் தோகை வைக்க வெளியூரிலிருந்து ஆள் வந்தார். சிவப்புச் சிமெண்டுத் தரை, மரப் படிக்கட்டு, ‘பெண்கள் பக்கம்’ என்ற பலகை எல்லாமே பழையபடி ஆயின. காரம் மட்டும் போகவில்லை. ஐந்து தடவை கழுவிய பிறகும், காதல் காட்சி வந்து கொட்டகை அமைதியாகும் நேரம் பார்த்து யாராவது ஒருவர் தும்மினார்.

இவ்வளவும் எதற்கென்றால், அவளுக்கு அம்மாவின் முகம் மறந்துபோயிருந்தது.

அம்மா பெயர் மீனாள். தில்லைநாயகிக்கு ஒன்பது வயதானபோது காமாலை கண்டு இறந்துபோனாள். வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது. தலை வாரிவிடும்போது பிள்ளை நகராமலிருக்க முழங்காலால் முதுகை அழுத்திப் பிடித்துக்கொள்வாள். அந்த முழங்கால் மட்டும் தில்லைநாயகியின் முதுகுக்கு ஞாபகமிருந்தது. இன்னொன்றும் ஞாபகமிருந்தது: கல்யாணத்துக்கு முன்னால், பத்தொன்பது வயதில், படக் கம்பெனிக்காரர்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் மூன்று நாள் படம் பிடிக்க வந்தார்கள் என்றும், குடம் தூக்கி ஆட எட்டுப் பெண்களை எடுத்தார்கள் என்றும், அதில் தானும் ஒருத்தி என்றும், அம்மா ஒரே ஒருதரம், மாவு சலித்துக்கொண்டே சொன்னது.

அந்தப் படத்தின் பெட்டிகளைக் கும்பகோணத்தில், மூடிக்கிடந்த ஒரு விநியோக ஆபீஸின் பரணில், மேலே எழுதியிருந்த ஊர்ப்பெயரை வைத்துக் கண்டுபிடித்தாள். பதினைந்து ரீல். முதல் ரீலின் தொடக்கம் மக்கிப்போயிருந்ததால் படத்தின் பெயர் என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. ஆபரேட்டராக அபூபக்கர் வந்தார். குடோனாவதற்கு முன் அங்கே மிஷின் ஓட்டியவர், எழுபத்தோரு வயது, நடுவில் இருபத்தாறு வருஷம் மிக்ஸி ரிப்பேர் பார்த்தவர். ஒவ்வொரு ரீலையும் விரலால் தடவி, கிழிந்த இடங்களை ஒட்டி, “ஓடிரும் தங்கச்சி” என்றார்.

ஓடியது. டாக்கீஸைத் திறந்த ஒன்பதாவது நாள் அதை முதல்முறையாகப் போட்டார்கள். ஜமீன்தார் கண்மாயை அடைத்துவிடுகிறார், ஊர் காய்கிறது, பழி நாயகியின்மேல் விழுகிறது, சபை நடுவே அவள் நீளமாக நியாயம் கேட்கிறாள், ஊரைவிட்டுத் துரத்துகிறார்கள். பதினோராவது ரீலில் அவள் கண்மாய்க்கரையில் நின்று பாடுகிறாள், பாட்டு முடிய மழை கொட்டுகிறது, எட்டுப் பெண்கள் குடங்களோடு வந்து ஆடுகிறார்கள். இடப்பக்கமிருந்து மூன்றாவது பெண்ணை மட்டும் காமிரா நாலு விநாடி தனியாகக் காட்டுகிறது. ஒல்லியான முகம், கொஞ்சம் தூக்கலான முன்பல், சிரிக்கலாமா கூடாதா என்ற குழப்பம். மறந்திருந்த முகம் அதுதான் என்று தில்லைநாயகிக்குப் பார்த்தவுடன் தெரிந்தது; வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். கன்னம் நனைந்ததை அழுகையென்றே நினைத்தாள். மடியெல்லாம் நனைந்து புடவை காலோடு ஒட்டிய பிறகுதான், திரையிலிருந்து பெய்கிற மழை தன்மேல் விழுகிறதென்று தெரிந்தது.

மறுநாள் மாட்டினிக்கு ஊரே வந்தது. குடம், அண்டா, ஊறுகாய் ஜாடி, குழந்தையைக் குளிப்பாட்டும் பிளாஸ்டிக் டப். ஊராட்சித் தலைவர் குருந்தையா முன்னால் நின்று வரிசை ஒழுங்கு பண்ணினார். முன்பக்க நாலு வரிசை நாற்காலிகளைக் கழற்றி, அங்கே பாத்திரங்கள் மட்டும் உட்காரலாம் என்று முடிவாயிற்று. பதினோராவது ரீலை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டால் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் மழை பெய்யுமே என்று யாரோ யோசனை சொல்ல, அப்படியே போட்டுப் பார்த்தார்கள். பாட்டு வந்தது, இடி வந்தது, பெண்கள் ஆடினார்கள், ஒரு சொட்டுகூடத் திரையைத் தாண்டவில்லை. ஜமீன்தார் கண்மாயை அடைக்காமல், அவள் சபை நடுவே நியாயம் கேட்காமல், ஊர் அவளைத் துரத்தாமல் எப்படிப் பெய்யும் என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. அது சரிதான் என்று பட்டது எல்லோருக்கும். அன்றிலிருந்து ஒவ்வொரு குடம் தண்ணீருக்கும் முழுப்படம் பார்த்தார்கள், தினம் இரண்டு காட்சி, காலையும் மத்தியானமும்.

அப்படிப் பார்த்துப் பார்த்து, வேறெதையும் அவ்வளவு அறியாத அளவுக்கு ஊர் அந்தப் படத்தை அறிந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சபைக் காட்சி வசனத்தை மூச்சுவிடாமல் சொன்னார்கள். பலசரக்குக் கடையில் நிறுவை குறைந்தால் “இதுதான் உங்கள் நீதியா!” என்று கேட்டார்கள். கருப்புவெள்ளைப் படத்து மழையென்பதால், அதில் துவைத்த துணி நாலு துவையலில் நிறமிழந்தது. சிவப்புப் புடவை சாம்பலாயிற்று, மஞ்சள் சட்டை வெளுத்தது. முகூர்த்தப் புடவையை மட்டும் அதில் அலசக் கூடாதென்று ஊருக்குள் ஒரு வழக்கம் உண்டாயிற்று. குடிக்க அது நல்ல தண்ணீர்தான். கொஞ்சம் இனிப்பு, லேசான மிளகாய்க் காரம். பருப்பு வெந்தது. பிள்ளைகளின் சொறி ஆறியது. சாம்பல் நிற உடுப்போடு வெள்ளரிக்கோட்டைக்காரர்கள் பஸ் ஏறினால், மழைப் படத்து ஊர்க்காரர்கள் என்று கண்டக்டர் இடம் விட்டுக் கொடுத்தார்.

எல்லாக் காட்சியையும் ஒன்று விடாமல் பார்த்தவள் தில்லைநாயகி ஒருத்திதான். அவளுக்கு அந்த நாலு விநாடி வேண்டியிருந்தது. திரையில் ஆடும் இவளுக்குத் தான் இன்னும் பிறக்கவில்லை என்பதும், இந்தப் பத்தொன்பது வயதுக்காரிக்குத் தான் அம்மா வயசு என்பதும் முதலில் விநோதமாக இருந்து, பிறகு பழகிவிட்டது. அம்மாவின் இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருந்தது. அது எப்படி வந்தது என்று கேட்க ஆளில்லையே என்று இருபதாவது காட்சியில் துக்கப்பட்டாள். அப்படி உற்றுப் பார்த்ததால்தான், எழுபது காட்சி போல ஆனபோது, அம்மாவின் உதடு வெடித்திருப்பது அவள் கண்ணில் முதலில் பட்டது.

பிரிண்ட் கீறல் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் கீறல் இடம் மாறவில்லை, அம்மா தலையைத் திருப்பியபோது கூடவே திரும்பியது. அதற்கு மறுநாள் கன்னம் ஒட்டியிருந்தது.

மாடிக்கு ஏறி அபூபக்கரிடம் சொன்னாள்.

“நான் சொல்லணும்னுதான் இருந்தேன்” என்றார் அவர். “ரெண்டாவது ரீல்ல மாட்டு வண்டி வரும்ல, அந்தக் காளைகளுக்கு நெஞ்செலும்பு தெரியுது தங்கச்சி. ஓடுற ஆறு ஒண்ணு காட்டுவான், இப்ப அதுல மணலு. மழையும் நாலு நிமிஷம் பேஞ்சது. நேத்து நான் கடியாரம் பார்த்தேன், ரெண்டே முக்கா நிமிஷம்.”

“நாம எடுக்குறதுதானா?”

“வேற யாரு எடுக்குறாக?”

தில்லைநாயகி அன்று வீட்டுக்குப் போய்ப் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டாள். குடிக்கவும் இல்லை, ஊற்றவும் இல்லை. அடுப்படி மேடையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் தாகம் தாங்காமல் குடித்தாள்.

மறுநாள் காலைக் காட்சிக்குப் பாத்திரங்களோடு வந்தவர்களிடம், திரைக்கு முன்னால் நின்று சொன்னாள்: “இனிமே இந்தப் படம் ஓடாது. அதுல இருக்கவுகளுக்கே தண்ணி இல்ல. அவுக பங்கை நாம எடுத்துக் குடிக்கிறோம்.”

எல்லோருக்கும் அது முன்பே தெரிந்திருந்தது. குருந்தையாதான் தொண்டையைச் செருமினார்.

“அவுக நிழலுதானம்மா. நிழலுக்கு ஏது தாகம்?”

“நிழலுக்கு ஏது மழை?” என்றார் மாடிப்படியில் நின்ற அபூபக்கர். “அது மட்டும் நனைச்சுச்சுல்ல?”

அப்போது பெண்கள் பக்கமிருந்து நாகவள்ளி எழுந்தாள். கொட்டகையைக் கூட்டிப் பெருக்கி, வாசலில் டிக்கெட் கிழித்துக் கொடுப்பவள். திறந்த நாளிலிருந்து தில்லைநாயகிக்கு வலது கை. எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்லை.

“அக்கா, ஒங்க அம்மா செத்து நாப்பத்தொம்போது வருஷம் ஆச்சு. என் மக உசுரோட இருக்கா. வயித்துல ஏழு மாசம். கை காலெல்லாம் வீங்கிக் கெடக்கு. உப்புத் தண்ணி ஆகாது, நல்ல தண்ணி குடுங்கன்னு நர்ஸம்மா சொல்லுது. எங்கிட்டு இருந்து குடுக்க? நீங்களே சொல்லுங்க. எங்கிட்டு இருந்து?”

கோபமாகக் கேட்கவில்லை. வழி கேட்பது போலத்தான் கேட்டாள். தில்லைநாயகி திரும்பித் திரையைப் பார்த்தாள். அது வெறும் வெள்ளைத் துணியாக இருந்தது.

“போடுங்கண்ணே” என்றாள்.

சும்மா போட்டுவிடவில்லை. தீர்மானம் போட்டுத்தான் போட்டார்கள். வாரத்துக்கு இரண்டே காட்சி; பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் மட்டும் தண்ணீர்; ஆளுக்கு ஒரு குடம். முதல் வாரம் அப்படியே நடந்தது. இரண்டாவது வாரம் ஒரு கல்யாண வீடு வந்தது, வந்தவர்களுக்கு உப்புத் தண்ணீரா கொடுப்பது என்று கேட்டார்கள். மூன்றாவது வாரம் கோயில் கொடை. அப்புறம் கட்டடம் கட்டுகிறவர் ஒருவர், சிமெண்டுக்கு உப்பு ஆகாது என்றார். தீர்மானம் எழுதிய தாள் நுழைவாசலில் ஒட்டியபடியே இருந்தது, அதன் கீழே வரிசை நின்றது.

படத்திலிருந்தவர்கள் தங்களால் ஆன மட்டும் சமாளித்தார்கள். தொண்டையை மிச்சம் பிடிக்கப் பேச்சைக் குறைத்தார்கள். சபை நடுவே நாலு நிமிஷம் நியாயம் கேட்ட நாயகி, இரண்டு வரியில் நிறுத்திக்கொண்டு எச்சில் விழுங்கினாள். மீதியைக் கொட்டகையிலிருந்த பிள்ளைகள் ஒரே குரலாகச் சொல்லி முடித்தார்கள். அவள் அவர்களைப் பார்த்துத் தலையசைத்தாள். ஜமீன்தார் கண்மாயை அடைக்க மண்வெட்டியோடு ஆட்களை அனுப்பினார். அடைக்க அங்கே தண்ணீர் இல்லை. ஆட்கள் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்கள். எட்டுப் பெண்கள் ஆடுவதை விட்டு நடந்தார்கள். பிறகு நிற்க மட்டும் செய்தார்கள். மழை ஒரு நிமிஷம் பெய்தது, பிறகு அரை நிமிஷம். அந்த அரை நிமிஷமும் படத்துக்காரர்கள் மேலே அண்ணாந்து வாயைத் திறந்துகொண்டு நிற்க, மழை அவர்கள் வாயில் விழாமல் அவர்களைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து அலுமினிய அண்டாக்களில் சடசடவென்று விழுந்தது. பார்த்தவர்கள் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்து பாத்திரங்களைப் பார்த்துக்கொண்டார்கள். மீனாள் குனியவில்லை. கொட்டகையை வரிசை வரிசையாக, பழகிய முகம் இருக்கிறதா என்று தேடுகிறவளைப் போலப் பார்த்தாள். அவள் கண் தில்லைநாயகியின்மேல் நிற்பதுபோல் வந்து, நிற்காமல், தாண்டிப் போயிற்று.

அந்தக் கண் தன்னைத் தாண்டிப் போன அன்றும் தில்லைநாயகி தன் குடத்தைக் கொண்டுபோனாள். பிற்பாடு யாரும் கேட்காமலேயே அதைப் பலபேரிடம் சொன்னாள்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் பதினோராவது ரீலில் நாயகி கண்மாய்க்கரையில் ஏறி நின்றாள். பாடவில்லை. கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தாள். இறங்கினாள். கீழே எல்லோரும் தயாராக நின்றார்கள்: நாயகன், அவன் தாய், எட்டுப் பெண்கள், பஞ்சாயத்தார், எலும்பும் தோலுமான காளைகள், கக்கத்தில் துணி மூட்டையோடு ஜமீன்தார்கூட. ஒருவர் பின் ஒருவராகத் திரையின் வலது ஓரத்தை நோக்கி நடந்து, ஓரத்தைத் தாண்டி, போய்விட்டார்கள். மீனாள் மட்டும் கண்மாய்ப் படியில் குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, கடைசியாகப் போனாள். ஊர் நாயைக்கூடக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். மீதி நாலு ரீலும் யாருமில்லாத தெருவையும், காற்றில் அடித்துக்கொள்ளும் ஒரு கதவையும் காட்டிக்கொண்டு ஓடின. மடியில் காலிக் குடங்களோடு ஊர் கடைசிவரை உட்கார்ந்திருந்தது.

அதன் பிறகு போட்ட காட்சிகளிலும் அந்தக் கதவு மட்டும்தான்.

ஐந்து வாரம் கழித்து, ஐப்பசியில், நிஜ மழை வந்தது. பதினேழு நாள் விட்டுவிட்டுப் பெய்தது. கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தது. நாகவள்ளியின் மகளுக்குச் சுகப்பிரசவம், பெண் குழந்தை, மூன்று கிலோ. புதுப்புடவைகள் நிறத்தோடு நின்றன. ஊரில் எல்லாம் சரியாகிவிட்டதென்று சொல்லும்படிதான் இருந்தது, ஆனால் சாப்பிட உட்காருகிறவர்கள் டம்ளரைக் கையில் எடுத்துவிட்டு ஒரு விநாடி தயங்கினார்கள். பிள்ளைகள் அந்த வசனத்தைச் சொல்வதை விட்டுவிட்டார்கள்.

பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழிந்ததும் நாகவள்ளி ஒரு காலையில் கண்மாய்த் தண்ணீர் ஒரு குடம் கொண்டுவந்தாள். தில்லைநாயகியிடம் எதற்கென்று சொல்லாமல் நேராகத் திரைக்கு முன்னால் போய் நின்று, “மழைப் படத்தப் போடச் சொல்லுங்கக்கா” என்றாள். அபூபக்கர் போட்டார். வெறுந்தெரு வந்ததும் நாகவள்ளி குடத்தைச் சரித்துத் திரையின்மேல் ஊற்றினாள். துணியில் வழிந்து, சிவப்புச் சிமெண்டில் பரவி, வாட்டத்தோடு ஓடி வாசல்வரை வந்து நின்றது தண்ணீர். படத்துத் தெருவில் ஒரு புள்ளிகூட ஈரமாகவில்லை. மறுநாள் பத்துப் பேர் குடத்தோடு வந்தார்கள், அதற்கு மறுநாள் ஐம்பது பேர். குருந்தையா தோளில் அண்டா சுமந்து வந்தார்.

“திரும்ப வாங்கிக்கிற மாட்டேங்குதே” என்றார், நனைந்த வேட்டியோடு. அதைச் சொல்லும்போது அவர் தலைவர் மாதிரி இல்லை.

தில்லைநாயகி சாக்கைப் போட்டுத் தரையைத் துடைத்தாள். திரையின் கீழ்ப்பகுதி ஈரத்தில் கறுத்துப் பூசணம் பிடிக்க ஆரம்பித்திருந்தது. அவள் பக்கத்தில் வந்து அபூபக்கர் படியில் உட்கார்ந்தார்.

“நம்ம ஆளுக பஞ்சத்துக்கு எங்க போனாக தங்கச்சி? எங்க அத்தா ரங்கூன் போனாரு. ஒங்க வீட்டுக்காரரோட சித்தப்பன் சூரத் போனாரு. கஞ்சி கிடைக்கிற ஊருக்குத்தானே போனாக. இவுகளும் அப்படித்தான் போயிருப்பாக.”

“இவுகளுக்கு ஏதுண்ணே ஊரு?”

“இன்னொரு படம்தான்.”

அப்படித்தான் ஜோதிவிலாஸ் டாக்கீஸில் வெள்ளிக்கிழமைதோறும் பழைய படம் என்ற ஏற்பாடு வந்தது. தில்லைநாயகி எங்கெங்கோ எழுதிப் பெட்டிகளை வரவழைத்தாள். சேலத்திலிருந்து வந்தன, கோயம்புத்தூரிலிருந்து வந்தன, ஒரு பெட்டி கொழும்பிலிருந்து வந்தது. ராஜா கதைகள், குடும்பக் கதைகள், துப்பறியும் கதைகள். ஊரே வந்து உட்கார்ந்து பார்த்தது, எந்த ஊரும் பார்க்காத விதமாகப் பார்த்தது. கதாநாயகன் வாள் வீசும்போது அவனை யாரும் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் ஓடுகிறவர்களை, சந்தையில் காய் வாங்குகிறவர்களை, கல்யாணப் பந்தியில் மூன்றாவது இலையில் குனிந்து சாப்பிடுகிறவரைப் பார்த்தார்கள். அத்தனை படங்களிலும் அத்தனை பேர் ஓரமாக நின்றிருக்கிறார்கள் என்பதே அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

ஆறாவது வெள்ளிக்கிழமை ஒரு நகைச்சுவைப் படத்தில், ஹோட்டல் காட்சியில், தோளில் துண்டோடு மேசை துடைத்துக்கொண்டிருந்தவர் ஜமீன்தார் என்று ஒரு சிறுமி கண்டுபிடித்துக் கத்தினாள். அவர் மெலிந்திருந்தார், மீசை இல்லை. ஒருவர் மிச்சம் வைத்த டம்ளர் தண்ணீரைச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குடித்தார். பத்தாவது வாரம் ஒரு ரயில் நிலையத்தில், மூட்டைமேல் தலை வைத்துத் தூங்கிய பெண் நாயகியாக இருந்தாள். கதை மாந்தர்கள் அவள் காலைத் தாண்டிக்கொண்டு ரயிலேறினார்கள். எட்டுப் பெண்களைப் பற்றி மட்டும் தகவலே இல்லை. தில்லைநாயகி வாரத்துக்கு வாரம் இளைத்துக்கொண்டே போனாள். எதிலாவது அம்மா செத்துக் கிடப்பதைப் பார்த்துவிடுவேனோ என்று பயந்து, போர்க்களக் காட்சிகளில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள்.

மாசி மாதம் ஒரு ராஜா கதை வந்தது. பெரிய கோட்டை, அட்டைக் கோட்டைதான் என்றாலும் பெரியது. நாலாவது ரீலில், இளவரசி நந்தவனத்தில் பாடப்போவதற்கு முன்னால், கோட்டை வாசலைக் காட்டினார்கள். ஈட்டி பிடித்த காவலன் ஒருவன் நின்றான். அவனுக்கு அங்கே வேலை நிற்பது மட்டும்தான் என்பது பார்த்தாலே தெரிந்தது. அவனுக்கு முன்னால் தூசியில் எட்டுப் பெண்கள் வந்து நின்றார்கள்.

கொட்டகையில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

“நில்லுங்கள்!” என்றான் காவலன். “யார் நீங்கள்? எந்த ஊர்?”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர்களுக்கு எந்தப் படத்திலும் வசனம் இருந்ததில்லை. மூன்றாவதாக நின்றவள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். தில்லைநாயகி முதுகு விறைக்க நின்றாள். நாற்பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு அம்மாவின் குரலை அவள் கேட்கப்போகிறாள். கேட்டாள். கட்டைக் குரல், வறண்டு, இழுத்துப் பேசுகிற குரல்.

“வெள்ளரிக்கோட்ட.”

“ஊரை விட்டு ஏன் வந்தீர்கள்?”

“அங்க பிள்ளத்தாச்சிக இருக்காக. தண்ணி காணாது. நாங்க வந்துட்டா அவுகளுக்காவது காணும்ல. அதான் வந்துட்டோம்.”

பேத்தியை இடுப்பில் வைத்திருந்த நாகவள்ளி, நின்ற இடத்திலேயே, இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

காவலன் பின்னால் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு இதற்கு மேல் எழுதிக் கொடுத்த வசனம் இல்லை. ஈட்டியைக் கைமாற்றிப் பிடித்தான். “குடிக்கத் தண்ணீர் தருகிறேன்” என்றான் தணிந்த குரலில். “தங்க இடம் கிடையாது. குடித்துவிட்டுப் போய்விட வேண்டும்.” சின்னக் கதவைத் தள்ளினான். பெண்கள் ஒவ்வொருவராகக் குனிந்து உள்ளே போனார்கள். மீனாள் வாசற்படியில் ஒரு கையை ஊன்றித் திரும்பிக் கொட்டகையைப் பார்த்தாள்.

தில்லைநாயகி மரப்படிகளில் ஓடினாள். அந்த வயதில் அப்படி யாரும் அந்தப் படிகளில் ஓடியதில்லை. மிஷின் அறைக் கதவைத் தள்ளி, “நிறுத்துங்கண்ணே! அந்தக் கதவு மூடுறதுக்கு முன்னால நிறுத்துங்க!” என்றாள்.

அபூபக்கரின் கை சுவிட்சுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவர் கண்ணாடிக்குள் கண் நிறைந்திருந்தது. “நிறுத்துனா எரிஞ்சுபோகும் தங்கச்சி” என்றார். “ஓடுற வரைக்குந்தான் பிலிம் சூடு தாங்கும். நிறுத்துன எடம் பொசுங்கிரும். ஒங்க அம்மா நிக்கிற எடம்.”

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அவர் கையைப் பிடித்திருந்தாள். சுவரிலிருந்த சதுர ஓட்டை வழியாகத் திரை சின்னதாகத் தெரிந்தது. அதில் வாசற்படியும், படியில் ஊன்றிய ஒரு கையும், அவளைவிட நாற்பது வயது சிறிய ஒரு பெண்ணும் இருந்தார்கள். அம்மா என்று கூப்பிட வாயெடுத்தாள். இவ்வளவு தூரத்திலிருந்து கேட்காது என்றும், கேட்டாலும் அந்தப் பெண்ணுக்கு அது தன்னைத்தான் என்று தெரியாது என்றும் தோன்றியது. ஆனாலும் கூப்பிட்டாள், ஒரே ஒருதரம், மெதுவாக.

மீனாள் உள்ளே போனாள். கதவு மூடியது. இளவரசி நந்தவனத்தில் பாட ஆரம்பித்தாள்.

“ஓடட்டும்ணே” என்றாள் தில்லைநாயகி. முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, தரையில் குனிந்து, ஐந்தாவது ரீலைப் பெட்டியிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.